ஆசனூர்ச் சாலையில் நடந்தது

மே 9, வெள்ளி
நாளை மைசூர்ப் பயணம். எனக்கு அரசு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்ததற்காக என் அண்ணன் ஜெகபர் நானா கூட்டிப்போகிறார். துபாயில் வருடமெல்லாம் கம்பெனி லாரி ஓட்டும் மனுஷன், எனக்கு லைசென்ஸ் இருந்தும் லீவிலும் தானேதான் ஓட்டுவேன் என்கிறார். அவர் மனைவி சித்திக்கா மச்சிக்கு மலைப்பாதை என்றாலே பயம். என் பேரில் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் விசாரணை முடிந்தால் வேலை உத்தரவு வந்துவிடும்.

மே 11
எழுத வரவில்லை.

மே 12
பஸ்ஸில் காரைக்கால் வந்து சேர்ந்தோம். கார் ஆசனூர் வனத்துறை அலுவலகத்தில் நிற்கிறது.

நேற்றுக் காலையில் மலையடிவாரச் சோதனைச்சாவடி திறந்ததும் மலை ஏறினோம். திம்பம் தாண்டி இரண்டு பக்கமும் மூங்கில், ஆளே இல்லாத ரோடு. மெதுவாகப் போகச் சொன்னேன். நானா கேட்கவில்லை. ஒரு புள்ளிமான் குறுக்கே வந்தது. அது விழுந்த பிறகுதான் பிரேக் போட்டார்.

நான் இறங்கி ஓடினேன். அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மூச்சு அடங்க நேரமாயிற்று. நிமிர்ந்தபோது வனத்துறை ஜீப் நின்றிருந்தது. நானா சொல்லிக்கொண்டிருந்தார்: "தங்கச்சிதான் ஓட்டுச்சு சார். கைப்பழக்கம் பத்தல."

திரும்பிப் பார்த்தேன். நான் உட்கார்ந்து வந்த முன்சீட்டில் மச்சி. என் கைப்பை ஓட்டுநர் சீட்டில். அதை எடுத்து அங்கே வைத்தது யார்? மச்சி தலை தூக்கவே இல்லை.

"கேஸுன்னா என் வேலை போயிடும்மா. நீ பொம்பளப் புள்ள, விட்டுடுவாங்க" என்றார் நானா, காதருகில். நான்தான் ஓட்டினேன் என்று எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன்? கையெல்லாம் ரத்தம். யோசிக்கவே இல்லை.

மே 13
உம்மாவிடம் சொல்லி அழுதேன். உம்மா ஆச்சரியப்படவில்லை. அங்கிருந்தே நானா போன் செய்துவிட்டாராம்.

"நான்தான் சரின்னேன். உனக்கு வேற வேலை கெடைக்கும் நௌஷின். அவன் சம்பாத்தியத்துலதான இந்த வீடு ஓடுது."

நான் மானோடு உட்கார்ந்திருந்தபோது இவர்கள் என்னைப் பற்றி முடிவு செய்திருக்கிறார்கள்.

மே 14
ரத்தக் கறை பட்ட உடுப்பை மறுபடியும் துவைத்தேன்.

மே 19
விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தார். என் பேரில் வழக்கு உண்டா என்று கேட்டார். உம்மா முந்திக்கொண்டு இல்லை என்றுவிட்டார். நாளை தெரியத்தானே போகிறது? அப்போது பொய்க்காரி யார்? நான்.

நானாவிடம் போனேன். "நீங்களே உண்மையச் சொல்லிடுங்க. நானும் கூட வர்றேன்."

"துபாய்க்கு டிக்கெட் போட்டாச்சு" என்றார். டிவியிலிருந்து கண் எடுக்கவில்லை.

மே 21, ஆசனூர்
தனியாக வந்தேன். பொய் சொன்னதற்கு ரேஞ்சர் திட்டினார். பிறகு பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். சோதனைச்சாவடி கேமராவையும் பார்ப்பாராம்.

பஸ்ஸில் வரும்போது அந்த இடத்தைத் தேடினேன். எங்கே பார்த்தாலும் ஒரே மூங்கில்.

மே 30
நானாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒப்புக்கொண்டாராம். வழக்கு முடியும்வரை வெளிநாடு போக முடியாது. மச்சி கதவைச் சாத்திக்கொண்டாள். உம்மா ஒன்றுதான் சொன்னார்: "கூடப் பொறந்தவனையே காட்டிக்கொடுத்துட்டியே."

காட்டிக்கொடுத்தது நானா?

ஆகஸ்ட் 4
வழக்கிலிருந்து என் பேர் நீங்கியதும் வேலையில் சேர்ந்துவிட்டேன். தருமபுரத்தில், தோழி மெஹர் பானு வீட்டு மாடியில் இருக்கிறேன். வழக்கு இழுக்கிறது. துபாய்க் கம்பெனி நானா இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டது. இப்போது அவர் கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் ஏற்றும் வேன் ஓட்டுகிறார்.

இன்று மழையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அவர் வேன் வந்தது. என்னைப் பார்த்ததும் வேகம் குறைந்தது. குடையை மடக்கிக்கொண்டு ரோட்டோரம் வந்தேன்.

வேன் என்னைத் தாண்டிப் போய்விட்டது.