நோர்பரி அம்மாவின் திங்கட்கிழமைகள்

ஜனவரி 12, திங்கள்

மழை. குடையை ரயிலில் விட்டாயிற்று. இந்தக் குளிர்காலத்தில் இது இரண்டாவது.

இன்று: மார்ட்டினோடு கேஸ் மீளாய்வு. லீவு ரோஸ்ட்டர். பொங்கலுக்குச் சர்க்கரை, பயறு. துளசியின் பிளவுஸ் தையற்காரியிடம் எடுக்க.

ஒன்பது மணிக்கு வழமைபோல நோர்பரி அம்மா. பெயர் இங்கேயும் எழுதமாட்டேன், லண்டனில் அவர் இருக்கும் இடத்தை வைத்து ஒபிசில் எல்லோருக்கும் அவர் நோர்பரி அம்மாதான். ஒவ்வொரு திங்களும், முதியோர் கெயார் ஹோமில் இரவு ஷிப்ட் முடிந்த கையோடு மார்ட்டினுக்கு அழைப்பார். ஒரே கேள்வி: மகனின் அப்பாவைக் கண்டுபிடித்தாயிற்றா? ஒரே பதில்: இன்னும் இல்லை. போனை வைத்ததும் மார்ட்டின் அந்தக் கேஸை மறுபடி முதலிலிருந்து பார்ப்பார். பென்ஷனுக்குக் கிட்ட வந்த மனிதர். பிள்ளைக்குப் பணம் கட்டாத அப்பாமாரைத் தேடிப்பிடிப்பதே வேலை, இன்னும் மனம் மரத்துப் போகவில்லை. என் டீமில் எனக்குப் பிடித்தவர். (ரோஸ்ட்டரில் சலுகை கிடையாது.)

மதியம் மீளாய்வு. நோர்பரி அம்மாவின் கேஸை மூடலாம் என்றார் மார்ட்டின். ஆள் வேலைப் பதிவில் இல்லை, வரிப் பதிவில் இல்லை, நாட்டை விட்டே போயிருக்கவேண்டும் என்றார். மூடினால் அந்தப் பையனுக்கு இனி ஒன்றும் இல்லை. நான் சம்மதம் என்று அழுத்தினால் முடிந்தது. அழுத்தப் போனேன். ஸ்கிரீனில் பையனின் பெயரும் அப்பாவின் பெயரும் கண்ணில் பட்டன. சிரித்துவிட்டேன். மார்ட்டின் பயந்துபோனார்.

விஷயம் இதுதான். விண்ணப்பத்தைப் பதிந்த யாரோ, மகனுக்கும் அப்பாவுக்கும் ஒரே சர்நேம்தானே இருக்கவேண்டும் என்று நல்ல மனதோடு அப்பாவின் பெயரை முன்பின்னாக மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பலகையில் என் வீட்டையே எழுதிக் காட்டினேன். மகள், துளசி ரவீந்திரன். அவள் அப்பா, ரவீந்திரன் நடராசா. அவரின் அப்பா, நடராசா வேலுப்பிள்ளை.

"ஒரே வீட்டில் ஆளுக்கு ஒரு சர்நேமா?"

"ஓம்." அவசரத்தில் தமிழே வந்தது. "துளசியின் சர்நேமை வைத்து என் கணவரைத் தேடினால் சாகும்வரை தேடலாம்."

மார்ட்டின் தலையில் கை வைத்துக்கொண்டார். பெயரைத் திருப்பிப் போட்டுத் தேடச் சொன்னேன்.

வீடு வரும்வரை கால் தரையில் பாவவில்லை. பிளவுஸ் எடுக்க மறந்துபோனேன்.

ஜனவரி 13, செவ்வாய்

மார்ட்டின் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

ஆள் கிடைத்துவிட்டார். லண்டனிலேயே, கம்பனி டிரெக்டர். ஹரோவில் விழா மண்டபம், கேட்டரிங். டீமில் எல்லோரும் கைதட்டினார்கள், நான் மேசையில் தட்டினேன். ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். மண்டபத்தின் பெயர்.

வருகிற சனிக்கிழமை துளசியின் தமிழ்ப் பாடசாலைப் பொங்கல் விழா அந்த மண்டபத்தில்தான். சொந்தக்காரர் சி. அண்ணை, பதிவுப் பெயர் தெரியாமல் வீட்டுப் பெயரால் மட்டும் நான் அறிந்தவர். பெற்றோர் சங்கத் தலைவர். பிரான்ஸிலிருந்து வந்து இங்கே நிமிர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவரோடு பட்மின்ரன். போன மாதம் எங்கள் வீட்டில் இருந்து ஒடியற்கூழ் குடித்தவர்.

"நிறுத்துங்கள் மார்ட்டின். எனக்கு இனி ஒன்றும் சொல்லாதீர்கள்."

நேரே மனேஜர் ஹெலனிடம். தெரிந்த ஆள் என்றால் உடனே சொல்லவேண்டும், அதுதான் சட்டம். தேநீர் ஆறுவதற்குள் அந்தக் கேஸ் எனக்குத் திறக்காமல் பூட்டியாயிற்று. மார்ட்டின் தொடர்வார், மேற்பார்வை மற்ற டீம் லீடர். என் வாழ்நாளின் ஆகச் சிறந்த கேஸ், எனக்கு ஒரு நாள் மட்டும்.

ஹெலன்: "வீட்டில்கூட ஒரு சொல் வரக்கூடாது. அவர் காதில் விழுந்தால் வங்கிக் கணக்கை வெறுமையாக்கிவிடுவார். பிறகு பையனுக்கு ஒன்றும் மிஞ்சாது."

தெரியும். ஆனால் வெண்டிக்காய் விலையைக்கூட மூன்று பேருக்குச் சொல்லாமல் எனக்கு நித்திரை வராதே.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். லீவு. பால் பொங்குமுன்னமே ஸ்மோக் அலாரம் அடித்தது.

இவர்: "என்னப்பா, ரெண்டு நாளாச் சிரிச்சுக்கொண்டு திரியிறீர். லொத்தர்ச் சீட்டு விழுந்ததோ?"

"பொங்கல்தானே."

"போன வருசமும் பொங்கல் வந்ததுதானே."

பொங்கலுக்குப் போடக் கஜு வறுக்கப் போய்விட்டேன்.

ஜனவரி 17, சனி

மண்டபம் நிறைந்த சனம். துளசி சேலையில், பிளவுஸ் இறுக்கம், முகம் உம்மென்று. சி. அண்ணை பட்டுவேட்டி, மைக்.

"பிள்ளையளுக்குச் செய்யிறதைச் செலவெண்டு நாங்கள் பாக்கக்கூடாது. அது எங்கடை கடமை."

கைதட்டல். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நோர்பரி அம்மா ஷிப்ட் முடிந்த களைப்போடு கேட்கும் அந்தக் கேள்விதான் காதில். எழும்பிக் கத்திவிடுவேனோ என்று என்மேலேயே பயம். ஒரு வடையை எடுத்து வாயில் அடைத்தேன்.

பக்கத்துக் கதிரை அக்கா: "தங்கமான மனுசன், என்ன?"

"ம்." இன்னொரு வடை.

விழா முடிய அவரே வந்தார். "தங்கச்சி, வடை எப்பிடி? வீட்டையும் கொஞ்சம் கொண்டு போங்கோ." கையில் பெட்டி.

"வேண்டாமண்ணை, நான் டயட்." அதற்குள் ஐந்து சாப்பிட்டிருந்தேன். இவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

பெப்ரவரி 9, திங்கள்

குளிர். ஹீற்றிங் பழுது. டீம் முழுக்கக் கோட்டோடு.

ஒன்பது மணிக்கு நோர்பரி அம்மா. இப்போதெல்லாம் மார்ட்டின் போனைத் தூக்கிக்கொண்டு சின்ன அறைக்குள் போய்விடுகிறார். நான் இருப்பதால்தான். வெளியே வரும்போது அந்த முகத்திலிருந்து ஒன்றும் எடுக்க முடியாது. விசர் பிடிக்கிறது.

மதியம் கிச்சினில் மார்ட்டின் தனியே நின்று ஏதோ முணுமுணுத்தார். யாரோ ஒருவரின் பெயர், திரும்பத் திரும்ப. முதற்பெயர், பிறகு அப்பாவின் பெயர். உச்சரிப்பைத் திருத்திக் கொடுக்க நாக்குத் துடித்தது. கோப்பையைக் கழுவாமலே ஓடி வந்துவிட்டேன்.

பெப்ரவரி 28, சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதவேண்டும்.

மத்தியானம் சி. அண்ணை வந்தார், சொல்லாமல் கொள்ளாமல். முகம் கறுத்துப்போய். இவரிடம்: "என்ரை எக்கவுண்டை மறிச்சுக் காசை எடுத்துப் போட்டாங்கள் ரவி. பிள்ளைக் காசு கட்டேல்லையாம்."

"எந்தப் பிள்ளைக்கு?"

"அது பழைய கதை. பிரான்ஸாலை வந்த புதிசிலை... நோர்பரியிலை ஒரு பெடியன்."

இவர்: "எத்தினை வயசு பெடியனுக்கு?"

சி. அண்ணை யோசித்தார். "பன்ரண்டு இருக்கும். இல்லாட்டிப் பதின்மூண்டு."

தெரியவில்லை அந்த மனுசனுக்கு. அவர் பெயரையே கடைசிப் பெயராகக் காவிக்கொண்டு திரிகிற பிள்ளையின் வயது தெரியவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். "காசு கேக்கிற ஒபிசிலை ஒரு வெள்ளைக்காரக் கிழவன் தங்கச்சி. என்ரை பேர், அப்பான்ரை பேர், பெடியன்ரை பேர், எல்லாத்தையும் ஒழுங்கா அடுக்கிச் சொல்லுறான். ஆர் படிப்பிச்சதோ. நீங்களும் கவர்மென்ற்தானே, ஏதும் செய்யேலுமோ?"

"ஏலாதண்ணை. கடிதத்திலை இருக்கிற நம்பருக்கு அடிச்சுக் கதையுங்கோ. மாசா மாசம் கட்டுங்கோ."

தேநீர் குடிக்காமல் போனார். இவர் வாசல்வரை போகவில்லை. எப்போதும் கார்வரை போய்க் கதை வளர்ப்பவர்.

கதவு சாத்தியதும் இவர்: "உமக்கு முதலே தெரியும், என்ன?"

"என்ன தெரியும்?"

"ஓசி வடையை வேண்டாமெண்டு சொல்லுற ஆளே நீர்?"

கறி அடிப்பிடிக்கிறது என்று குசினிக்குள் போனேன். அடுப்பில் கறி இல்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்குள் முகத்தை விட்டு, வாய்விட்டுச் சிரித்தேன். கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 2, திங்கள்

மழை. புதுக்குடை பத்திரமாக வந்து சேர்ந்தது. இன்று: ரோஸ்ட்டர் (இன்னும்). ஹீற்றிங் ஆளுக்கு அழைக்க.

ஒன்பது மணி. மார்ட்டின் போனைப் பார்த்தபடி. நான் மார்ட்டினைப் பார்க்காதபடி.

போன் அடிக்கவில்லை.

எழும்பிப் போய் இரண்டு தேநீரோடு வந்தார். ஒன்றை என் மேசையில் வைத்தார், நான் கேட்கவே இல்லை. அவர் ஒன்றும் சொல்லக்கூடாது, நான் ஒன்றும் கேட்கக்கூடாது.

"இன்றைக்கு அமைதியாக இருக்கிறது" என்றார்.

"ஓம்."

"ஓம்" என்றார் அவரும், சுத்தமாக.

ஒன்பதே கால். போனில் இன்னும் சத்தமில்லை. ஷிப்ட் முடிந்து வந்த நோர்பரி அம்மா இந்நேரம் நித்திரையாக இருப்பார்.