நிலாவெளிச் சீமாட்டி

வோபர்ன், ரொறன்ரோ
ஐப்பசி 28

அன்பு மகள் யதுஷாவுக்கு,

நானும் உன் அம்மாவும் இங்கே நல்ல சுகம், கல்கரிக் குளிரில் உன்னையும் கோணேசர் காப்பாராக. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, அந்தளவுக்கு வாய் கூடிவிட்டது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை கொஞ்சம் இறுக்கம், ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். முதியோர் இல்லத்தில் அருள்நாயகி அம்மாவுக்கு நான் கையில் வெள்ளைத் துவாய்த் துண்டோடு நின்று சாப்பாடு பரிமாறுகிற படத்தைப் பார்த்துவிட்டு, "கனடாவுக்கு வந்து முப்பத்தைஞ்சு வருசமாகியும் நீங்கள் இன்னும் வெயிற்றரோ அப்பா, எனக்கு வெக்கமாக் கிடக்கு" என்று போனில் சொன்னாய். அன்றிலிருந்து எனக்கு மனம் சரியில்லை.

அந்த அருள்நாயகி அம்மாவை நீ நிலாவெளியில் பார்த்திருக்க வேண்டும். சண்டைக்கு முந்தின காலம், நான் அந்தக் கடற்கரை ஹோட்டலில் பதினெட்டு வயது வெயிற்றர். சித்திரை பிறந்தால் கொழும்பு டொக்டர்மார், கோட்டில் வழக்காடுகிற அப்புக்காத்துமார், தோட்டத் துரைமார் எல்லாரும் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள், சனிக்கிழமைகளில் இக்னேசியஸ் மாஸ்டரின் பாண்ட் குழு வாசிக்க நடனம் நடக்கும். அருள்நாயகி அம்மா ஓர் அப்புக்காத்தரின் மனைவி, பிள்ளைகள் இல்லை. அவர் படியிறங்கி வந்தால் கரண்டிச் சத்தமெல்லாம் நின்றுவிடும், அப்படியொரு நடை. இடியப்பத்தைக்கூட முள்ளுக்கரண்டியால் சிந்தாமல் சாப்பிடுவார். என்னோடு பேசுவதெல்லாம் இங்கிலீஷ், கூப்பிடுவது வேலைக்காரப் பையனைக் கூப்பிடுகிற இங்கிலீஷ் "போய்" என்று. சண்டை தொடங்கியபின் மற்றவர்கள் வரவில்லை, கணவர் இறந்த பிறகும் அவர் மட்டும் வந்தார். பாதி ஜன்னல்களில் கண்ணாடி இல்லை, மின்சாரம் இல்லை, மூன்று மேசைக்குத்தான் ஆட்கள், அவரோ பட்டுச்சேலையும் முத்துமாலையுமாகச் சாப்பிட வருவார். அவருக்காகவே நாங்களும் வெள்ளை உடுப்பை மடிப்புக் குலையாமல் அயர்ன் பண்ணிக்கொண்டு நிற்போம்.

ஹோட்டலை மூடிய அன்று என்னையும் தன் காரில் கொழும்புக்கு ஏற்றினார். வழியில் ஒரு ராணுவச் சோதனைச்சாவடியில் என்னைக் காரிலிருந்து இறக்கினார்கள், அவசரத்தில் ஐசி என்கிற அடையாள அட்டையை ஹோட்டலில் விட்டுவிட்டேன். அப்போது என் வயதில் இறக்கப்பட்டவர்கள் பலர் திரும்பி வரவில்லை. அவர் காரைவிட்டு இறங்கி, இவன் என் மகன் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்து, "எத்தினை தரமடா சொன்னனான் ஐசியை மறக்காதை எண்டு" என்று என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அவர் என்னோடு பேசிய முதல் தமிழ் அதுதான். பெற்றவளைத் தவிர வேறு யார் இப்படி அடிப்பாள் என்று நினைத்தானோ, அந்தப் படைவீரன் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டான். காரில் ஏறியதும் அழுதது நானில்லை, அவர்தான். அறை வாங்கிய கதையை எந்தத் தகப்பன் மகளிடம் சொல்வான், அதனால்தான் இத்தனை நாள் சொல்லவில்லை.

தங்கையோடு கனடாவுக்கு வந்தவர், அந்தத் தங்கையும் இறந்துவிட்டார். இப்போது மறதி நோயில் அவருக்கு என்னைத் தெரியாது, ஆனால் துவாயோடு ஒருவர் பரிமாறினால் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுகிறார். அந்த நிமிர்வைப் பார்க்க எனக்கு இன்னும் ஆசை, பிள்ளை. தை மாதம் தாண்டாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கொள்ளி வைக்க யார் என்று இல்லத்தில் கேட்டார்கள், நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் அம்மாவுக்கும் சம்மதம்.

காருக்குக் குளிர்கால ரயர் போட்டுவிடு. ஒரு குறையுமில்லாமல் நீ நீண்ட காலம் வாழ வேண்டும் என்று இருவரும் ஆசீர்வதிக்கிறோம். லீவுக்கு இப்போதே சொல்லிவை. நான் கொள்ளி வைத்தால் பந்தம் பிடிக்க அவருக்குப் பேரப்பிள்ளை வேண்டும், எங்களுக்கு நீ ஒருத்திதானே. வெட்கமாயிருந்தால் வெட்கத்தோடேயே வா.

இப்படிக்கு,
அன்பு அப்பா
கோணேஸ்வரன்