கண்ணாடிப் பெட்டியில் நம் தலைக்கவசம்

கண்ணாடிப் பெட்டியைத் திறந்தபோது முதலில் வெளியே வந்தது பசை வாசனை. செருப்பு தைக்கிற கடையில் அடிக்குமே, மூக்கைத் துளைக்கிற அந்த மஞ்சள் பசை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் முழங்கையால் என்னை இடித்து, "பழைய சாமான்ல புதுப் பசை எப்படிடீ வரும்?" என்று கேட்டிருப்பாய். நீ இல்லாததால் நானே எனக்குள் கேட்டுக்கொண்டேன். போன சனிக்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மாடி. கோலாலம்பூரிலிருந்து வந்த ஏலக்காரர்கள் அங்கே பழைய விண்வெளித் தொலைக்காட்சித் தொடர்களின் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். ஏலம் மறுநாள். முதல் நாள் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வாங்க நினைப்பவர்கள் கையில் எடுத்தும் பார்க்கலாம். நம் ரசிகர் குழு மொத்தமும் போவதாக ஏற்பாடு. நீ படுத்த படுக்கையான பிறகு குழுவை நடத்துகிறவன் சேகர்தான். வாட்ஸ்அப்பில் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டு எனக்கு மட்டும் தனியாகப் போன் செய்தான்.

"அக்கா, நீங்க வரவேணாம் லா. மாடி ஏறணும், லிஃப்ட் இல்ல. வேன்லயும் இடம் இல்ல. வெறும் போஸ்டருங்கதான், ஒண்ணும் பெருசா இல்ல."

என் முட்டி வலிமேல் அவனுக்கு அதற்கு முன் இத்தனை கரிசனம் வந்ததே கிடையாது. அதனாலேயே ஜெலுத்தோங்கிலிருந்து பஸ் ஏறிப் போனேன். கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது.

உள்ளே நம் ஆட்கள் அந்த வெக்கையிலும் வெள்ளிநிறச் சீருடை போட்டுக்கொண்டு, கோயிலுக்குள் நடப்பதுபோல் மெதுவாக நடந்து கொண்டிருந்தார்கள். ஒருத்தர் முகத்தில் பூசியிருந்த பச்சைச் சாயம் காலர் வரைக்கும் வழிந்திருந்தது. கதிர்த் துப்பாக்கி, ஒற்றைக் கையுறை, கதவுப் பலகை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'படப்பிடிப்பில் பயன்படுத்தியது' என்று ஓர் அட்டை. எல்லோரும் அட்டையைப் படித்துவிட்டு சாமானைப் பார்த்தார்கள். நான் சாமானைப் பார்த்துவிட்டு அட்டையைப் படித்தேன். அது உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டு, ஜெலுத்தோங் அடுக்குமாடியில் ஒரே அறையில் நாம் குடியிருந்த காலம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தத் தொடர் வரும். வீட்டுக்கார அம்மாவின் தொலைக்காட்சி முன்னால் இடம் பிடிக்க, ஷிப்ட் முடிந்ததும் ஓடி வருவோம். ஒரு வாரம், தொலைந்துபோன கேப்டன் ஏதோ ஒரு கிரகத்திலிருந்து உயிரோடு திரும்பி வந்தான். விண்கலத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன். நீ மட்டும் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "அவன் கேப்டன் இல்லடீ. கண்ணையே சிமிட்டல பாரு," என்றாய். அடுத்த வாரம் அவன் முகம் உரிந்து உள்ளேயிருந்து வேறொன்று வந்தபோது, வீட்டுக்கார அம்மா உன்னைப் பார்த்துத்தான் பயந்தார்.

அந்தத் தொடரில் வருகிற பெண் விமானியின் தலைக்கவசம்தான் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வெள்ளி நிறம், நெற்றியில் மேடு, இடது பக்கம் வளைந்த ஆண்டெனா. பக்கத்தில் நின்ற லிம் அங்கிள் கண்கலங்கிவிட்டார். அவரை உனக்குத் தெரியும்; சீனர், ஆனால் நிபோங் தெபால் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார், படகுத்துறையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தத் தலைக்கவசத்துக்காகத்தான் ஏலத்துக்குப் பெயர் பதிந்திருந்தார். ஏலக்காரர்களின் பொறுப்பாளர், மிஸ் டான் என்ற நடுவயதுப் பெண், பெட்டியைத் திறந்து அதை அவர் கையில் கொடுத்தார். அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

"அங்கிள், திருப்பிக் காட்டுங்க," என்றேன்.

உள்பக்கம் முழுக்கக் கறுப்புத் தோல் ஒட்டியிருந்தது. அது எனக்கு அந்நியமாக இருந்தது. ஆனால் நெற்றி மேட்டின் வலது ஓரத்தில் ஒரு சின்னச் சுருக்கம். நாம் பிளாஸ்டிக் பேசினை வெட்டிச் சூடு காட்டி வளைத்தபோது, நான் அவசரப்பட்டதால் விழுந்த சுருக்கம். அந்தச் சுருக்கத்துக்காக நீ ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

ஜெலுத்தோங் ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், ஒரு பேசின், ரேடியோவின் ஆண்டெனா, ஒரு டின் வெள்ளிப் பெயிண்ட். நம்முடைய அந்தத் தலைக்கவசம்தான் 'படப்பிடிப்பில் பயன்படுத்தியது' என்ற அட்டையோடு விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது.

முதலில் உன் தம்பி குகன்மேல் சந்தேகம் போயிற்று. நீ போனதும், தலைக்கவசம் இருந்த உன் புக்கிட் மெர்தாஜாம் வீட்டை என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் காலி செய்தவன் அவன். பிறகு ஏலக்காரர்கள்மேல் போயிற்று. மிஸ் டானிடம், இதைக் கொடுத்தது யார் என்று கேட்டேன். விற்பவர் பெயரைச் சொல்வதில்லை என்று மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதையையும் சந்தேகப்பட்டேன்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சேகர் வந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை, பயம் இருந்தது. என் தோளைத் தொட்டு ஜன்னல் பக்கம் அழைத்துப் போனான்.

"அக்கா, இங்க சத்தம் போடாதீங்க."

"நான் இன்னும் ஒரு சத்தமும் போடலியே. எதுக்குப் போடுவேன்னு நீயே சொல்லு."

அவன் கீழே பார்த்தான். "சரி லா. நான்தான் குடுத்தேன். ஆனா அவங்கதான் எங்கிட்ட ஒரிஜினல்னு சொல்லிக் குடுத்தாங்க. ஆஸ்பத்திரிச் செலவு இருந்துச்சில்ல. நான் நம்பி வாங்கினேன். இப்ப நீங்க வாயத் தொறந்தா யாரு பேரு கெடும்? செத்துப்போனவங்க பேரு."

'அவங்க' என்று அவன் சொன்னது உன்னை.

ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உன் முகம் நினைவுக்கு வந்தது. கடைசிச் சில மாதங்களில் நீ என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்காதவள் எங்கிருந்து சமாளித்தாள் என்று நானும் விசாரித்ததில்லை. முடியாத நிலையில், ஆசைப்பட்டு வந்த ஒருவனிடம் நீ ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அப்படி நினைத்தேன். உன்னைப்பற்றி அப்படி நினைக்க என்னால் முடிந்ததே என்று அதற்கு அப்புறம்தான் திடுக்கென்றது.

லிம் அங்கிள் அங்கே தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கும் பேரனைப் பிடித்திருப்பதுபோல் பிடித்திருந்தார். நான் சும்மா இருந்தால் மறுநாள் அவர் அதை வாங்கிவிடுவார். பேசினால், வாயில்லாத உன்மேல் பழி வரும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பசை வாசனை மறுபடி அடித்தது. இந்த முறை சேகரின் சட்டைக் கையிலிருந்து வருவதுபோல் தோன்றியது. அது என் கற்பனையாக இருக்கலாம். ஆனால் புத்தி தெளிந்துவிட்டது.

"சேகர், அந்தக் கறுப்புத் தோலு எப்போ ஒட்டினது?"

"அது... அது அப்பவே இருந்துச்சிக்கா."

"அவ போயி இரண்டாவது தீபாவளி வரப்போவுது. பசை இன்னும் காயல. ஒட்டினது நீ. ஒரிஜினல்னு நம்பி வாங்கினவன், உள்ள இருக்கிறத எதுக்கு மூடணும்?"

அவன் கழுத்தில் மாட்டியிருந்த குழு அட்டையை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தான்.

நேராக மிஸ் டானிடம் போனேன். இதைச் செய்தது நானும் என் தோழியும், தோலுக்கு அடியில் வெளிர் நீலத் துணி இருக்கும், எங்கள் தொழிற்சாலை மேலங்கியை வெட்டி நான் கையால் தைத்தது, காதுப் பக்கம் தையல் கோணலாக இருக்கும் என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாமல் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. சேகரைப் பார்த்து, ஓரத்தைக் கொஞ்சம் பிரிக்கலாமா என்று கேட்டார். அவன் தலையை ஆட்டினான், சரி என்றா வேண்டாம் என்றா தெரியவில்லை. மெல்லிய கத்தியால் அவர் ஓரத்தை நெம்பினார். தோல் சுலபமாகக் கழன்று வந்தது. அடியில் நம்முடைய நீலத் துணி, வெளுத்துப்போய், கோணல் தையலோடு இருந்தது.

யாரும் கத்தவில்லை. மிஸ் டான் அட்டையை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, பெட்டியின் விளக்கை அணைத்தார். சேகர் எப்போது கிளம்பினான் என்று பார்க்கவில்லை. வேனையும் அவனே எடுத்துப் போய்விட்டதால், அதில் வந்தவர்கள் பிறகு கிராப் டாக்சி பிடித்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். அன்று சாயங்காலமே குழுவிலிருந்து அவன் தன் பெயரை எடுத்துவிட்டான். தலைக்கவசம் சட்டப்படி அவன் கொடுத்தது என்பதால் அவனிடமே திரும்பிப் போயிற்று. இன்றுவரை அவனிடம்தான் இருக்கிறது.

லிம் அங்கிளாவது எனக்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைக் கோபமாகப் பார்த்தார். "ஏம்மா சொன்னே? தெரியாம இருந்தா நான் சந்தோஷமா இருந்திருப்பேன்ல," என்றார். படி இறங்கிப் போனவர் பாதியில் நின்று, திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார்: "உண்மையா நீங்க ரெண்டு பேரும் செஞ்சதா? கையாலயா?"

ஆமாம் என்றேன். மீதிப் படிகளையும் இறங்கிப் போய்விட்டார்.

அன்றிரவே குகனுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அவனே பாலம் தாண்டி வந்தான். வீட்டைக் காலி செய்ததைப்பற்றி நான் கேட்காமலேயே சொன்னான்: வாடகை வீடு, சொந்தக்காரர் அவசரப்படுத்தினார், உன் துணிமணிகளை மடிக்கத் தன்னால் முடியாமல் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு எடுத்துப்போகச் சொல்லிவிட்டான். சொல்லும்போதே அழுதான். அவனையும் நான் மனசுக்குள் திருடனாக்கி வைத்திருந்தேன்.

தலைக்கவசத்தைப்பற்றிக் கேட்டபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீ வெளியில் பேசாத உங்கள் வீட்டு யாழ்ப்பாணத் தமிழில் சொன்னான்: "அக்காதான் குடுத்தவ. விக்கேல்ல. சேகர் வந்து, பள்ளிக்கூடத்தில கண்காட்சி வைக்கிறம், பிள்ளையள் பாக்கட்டும் எண்டு கேட்டவன். நான் வேண்டாம் எண்டுதான் சொன்னனான். அக்கா எடுத்துக் குடுத்திட்டு, அவன் போனாப்பிறகு சிரிச்சவ. 'இது திரும்பி வராது, பார்' எண்டு சொன்னவ."

"வராதுன்னு தெரிஞ்சுமா குடுத்தா?"

"அதைத்தான் நானும் கேட்டனான். 'பிள்ளையள் பாத்தாலும் பாக்குங்கள்' எண்டு மட்டும் சொன்னவ."

கண்காட்சி நடந்ததா என்று விசாரித்தேன். நடந்திருக்கிறது. சேகர் அதையாவது பொய்யாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கொரு முறை மாட்டிக்கொண்டார்களாம்.

குகன் போனபிறகு, டுரியான் பருவத்தில் நீயும் நானும் பாலிக் புலாவுக்குப் பஸ்ஸில் போன ஒரு நாள் ஞாபகம் வந்தது. சாலையோரத்தில் ஒரு கிழவர், எல்லாம் சொந்தத் தோட்டத்துப் பழம், காலையில் விழுந்தது என்றார். நீ காம்பைப் பார்த்தாய், முகர்ந்தாய், ஆட்டிக் காதில் வைத்துக் கேட்டாய். "நேத்து விழுந்தது. தோட்டமும் இவரோடது இல்ல," என்று என் காதில் சொன்னாய். சொல்லிவிட்டு அதையே வாங்கினாய். ஏன் என்று கேட்டதற்கு, "பசிக்குதுல்ல? அவருக்கும் விக்கணும்ல?" என்றாய். சாலையோரமே உட்கார்ந்து தின்றோம். நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருடமாக உன்னிடமிருந்து முகர்ந்து பார்க்க மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறேன். முகர்ந்து பார்த்தபிறகும் நீ கை நீட்டினாயே, அதை இத்தனை நாள் சரியாகக் கவனிக்கவில்லை.

நேற்று லிம் அங்கிளிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்த மாதிரி ஒண்ணு எனக்குச் செஞ்சு குடுக்க முடியுமா? கூட இருந்து நானும் செய்யிறேன். யாருக்கும் விக்க மாட்டேன், சத்தியமா," என்றார்.

அந்தச் செய்தியை மறுபடி மறுபடி கேட்டேன். சத்தியம் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர் குரலில் ஏதாவது நெருடுகிறதா என்று தேடினேன். கேட்காமலேயே எதற்கு விற்க மாட்டேன் என்கிறார்? அவர் விற்காவிட்டாலும், அவருக்குப் பிறகு அது யார் கைக்குப் போகும், எந்தப் பெட்டிக்குள் எந்த அட்டையோடு உட்காரும்? என்னால் சொல்ல முடியாது.

வரும் சனிக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறேன். பேசின் வாங்கி வைத்துவிட்டேன்.