அலமாரிக்குள் பன்னிரண்டாவது பாட்டில்

அன்புள்ள சின்னுவுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். இதற்கடுத்து வழக்கமாக வரும் வரியை இந்த முறை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், காரணம் கடைசியில் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன், நீ மாப்பிள்ளையைப் பிரிந்து தனி வீடு பார்த்துப் போன வாரத்தில், ஒரே நாளில் நான்கு தடவை போன் செய்தேனே, அப்போது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அப்பா, நான் ஒண்ணும் உங்க ஃபாக்டரி பாட்டில் இல்ல, தினமும் தூக்கி வெளிச்சத்துல பாக்காதீங்க, நானே கூப்பிடற வரைக்கும் கொஞ்சம் விடுங்க என்றாய். கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். முப்பத்திரண்டு வருடம் பெல்ட்டில் வந்த பாட்டிலை எல்லாம் விளக்குக்கு நேரே பிடித்து, கீறல், குமிழி என்று பார்த்துப் பார்த்துத்தான் இவளைப் படிக்க வைத்தேன், அதையே குத்திக் காட்டுகிறாளே என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அது கிடக்கட்டும், செடிச் சமாசாரத்துக்கு வருகிறேன். எட்டு மாதம் முன்பு, வேலை ஓய்ந்து வீட்டில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த என்னிடம் தெருமுனை நர்சரிக்காரர் காட்டு ஆர்க்கிட் கிழங்கு மூன்றும் ஒரு காய்ந்த விதைக்காயும் கொடுத்தார். பனி விழுந்தாலும் சாகாத ஜாதியாம். கிழங்கு ஒவ்வொன்றும் சின்ன வெங்காயம் அளவு. விதையோ வெறும் தூள், ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில், தும்மினால் போச்சு. அதற்கென்று சொந்தமாக ஒரு வாய்ச் சாப்பாடுகூட உள்ளே கிடையாதாம், மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்குமாம். அதனால் ஓட்ஸ் கஞ்சியைக் கெட்டியாக்கிப் பாட்டிலில் ஊற்றி, குக்கரில் அவித்து, ஆறியதும் அவர் கொடுத்த பூஞ்சையில் துளியும் விதையும் போட்டு மூடினோம். என் குக்கர் போச்சு என்று உன் அம்மா ஒரு வாரம் புலம்பினாள். மொத்தம் பன்னிரண்டு பாட்டில், உன் அறை அலமாரியில் வைத்தோம், இந்த வீட்டில் அதைவிட இருட்டான இடம் இல்லை. நர்சரிக்காரர் சொன்னது ஒன்றுதான், தொடாதீங்க, பாக்காதீங்க, ஆறு மாசம் மறந்துடுங்க சார் என்று.

நான் மறக்கிற ஆள் இல்லை. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் ஜன்னல் வெயிலில் மிதக்கிற தூசியெல்லாம் விதையாகத் தெரியும். கண் சொருகினால் பழைய பெல்ட் ஓடும், அதில் பாட்டில் பாட்டிலாக ஊதாப் பூ வந்துகொண்டே இருக்கும், நான் ஒன்றைக்கூட ஒதுக்காமல் போக விட்டுக்கொண்டிருப்பேன். எழுந்ததும் நேரே அலமாரிதான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், குலுக்குவேன், மூடியைத் திறந்து மோந்துகூடப் பார்த்தேன். ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறத்தில் பூசணம் பிடித்தது, பதினொன்றும் போயிற்று. மீதி ஒன்று துடைக்கும்போது கைதவறி உடைந்துவிட்டதாக உன் அம்மா முதல் வாரமே சொல்லியிருந்தாள். கிழங்குகளையும் விட்டேனா என்றால் இல்லை, வாரம் ஒருமுறை தோண்டி வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்தேன், இரண்டின் குருத்து என் விரல் பட்டே உடைந்தது. மூன்றாவது தொட்டியில் வெளியே ஒன்றும் தெரியவில்லை. சில வருஷம் கிழங்கு இலைகூட விடாமல் மண்ணுக்குள்ளேயே தூங்கும், அதனால செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல சார் என்கிறார் நர்சரிக்காரர்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா உன் பழைய கம்பளிகளுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தாள். பன்னிரண்டாவது. உடையவே இல்லை, உங்க கண்ணுல படக்கூடாதுன்னு ஒளிச்சு வெச்சேன் என்றாள். உள்ளே அரிசி நொய் மாதிரி வெள்ளை வெள்ளையாக உருண்டைகள், சிலவற்றில் பல் முளைப்பது போல ஒரு நுனி. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள், நீங்க பாத்துப் பாத்துக் கெடுத்தீங்க, பாக்காம இருக்கறது எனக்கும் லேசா இல்ல, பாட்டிலச் சொல்லல என்று. இந்த இரண்டு மாதமும் அவள் உன் பேரையே எடுக்காததை நான் கல்நெஞ்சம் என்று நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முளைத்த பிறகு ஒரு குளிர்காலம் காட்ட வேண்டுமாம், அதனால் இப்போது பாட்டில் ஃபிரிட்ஜில், பால் பாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. மூன்று மாதம் போனால் மண்ணுக்கு மாற்றலாம், பூவைப் பார்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். என் கண்ணில் படாதிருக்க, பாலை இனி அம்மாதான் எடுப்பாள். உனக்கும் எவ்வளவு நாள் வேண்டுமோ எடுத்துக்கொள், நான் போனைத் தொட மாட்டேன். அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, தலைக்குக் குளித்த ஈரத்தோடு வெளியே போகாதே. இது புத்திமதிதான், விசாரிப்பு இல்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், அது போதும் எங்களுக்கு. இந்தக் கடிதத்தில் உன்னிடம் ஒரு கேள்விகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பாய். முதலில் எழுதியதில் பதினான்கு இருந்தது, சாப்பிட்டாயா என்பது மட்டும் மூன்று தடவை. உன் அம்மா வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எல்லாவற்றையும் அடித்துவிட்டு, திரும்ப எழுதச் சொன்னாள். உறையை ஒட்டும் முன் அவளும் ஒரு சீட்டு எழுதி மடித்து உள்ளே வைத்தாள். நான் பிரித்துப் பார்க்கவில்லை.

உன் அப்பா