பழி சுமந்த மிக்ஸி

ஏங்க, எழுந்ததும் ஹெட்போனை மாட்டிக் கேளுங்கள். நீங்கள் பாடிய போனாலுத் திருவிழாப் பாட்டில் கரகரப்பே இல்லை!

"உன் மிக்ஸி ஓடுனாலே பாட்டு கரகரங்குதுடி"ன்னு நேற்று குதித்தீர்களே, மிக்ஸியை ஓடவிட்டே கேட்டேன். சுத்தமாக இருக்கிறது! தீன்மார் மேளம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எதிரொலி போட்டால் கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டாதா? எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று வைத்தேன். பாடிப் பதிந்தாகிவிட்டதே, இனி ஒலி கொஞ்சம் தாமதமாக வந்தால் என்ன என்று, கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிக்கொள்ள பஃபரையும் கூட்டிவிட்டேன். அவ்வளவுதான்!

சர்வப்பிண்டி அடை தட்டி மூடி வைத்திருக்கிறேன். வேர்க்கடலைச் சட்னி மிக்ஸியில்தான் அரைத்தேன், பேசாமல் சாப்பிடுங்கள்.

ஸ்வரூபா

பி.கு: கோயில் கமிட்டி யாதகிரி அண்ணன் பாட்டு வாங்க வந்தால் டீ மட்டும் கொடுங்கள். கரகரப்பு போன பிறகுதான் கேட்கிறது, இரண்டாம் சரணத்தில் உங்கள் சுருதி எங்கோ போகிறது. அந்தப் பழியையும் மிக்ஸி மேல் போடாதீர்கள்.