தன்னைச் சொல்லத் தெரியாத பெட்டி

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி இன்று காலை மறுபடி என் மேசைக்கு வந்துவிட்டது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் யுஎஸ்பி வயர், மறுபக்கம் எம்பிராய்டரி மெஷினுக்குப் போகும் தடித்த வயர். மூக்கருகே கொண்டுபோனேன். மெஷின் ஆயிலும் பஞ்சுத் தூசியும் கலந்த வாடை. உன் சட்டையிலும் இதுதான் அடிக்கும். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. டீ வந்தது, குடித்தேன்.

நீ இருந்தவரை உன்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டேன். ஒரே வயது, ஒரே கம்ப்யூட்டர் கடை, ஒரே டிபன் கேரியர். ஆனாலும் எங்கள் திருப்பூர்ப் பக்கத்து நாக்கு அப்படி. “நீங்க நாங்கன்னு பேசாதல, பொண்ணு பாக்க வந்த மாரி இருக்கு” என்று சிரிப்பாய். இப்போது ‘நீ’ என்று எழுதிப் பார்க்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

எம்பிராய்டரி யூனிட் முதலாளி பழைய கம்ப்யூட்டரை மாற்றிவிட்டார். புதியது இந்தப் பெட்டியைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது. இரண்டு கம்ப்யூட்டரையும் பெட்டியோடு கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, “பொட்டி செத்துப் போச்சாட்ட இருக்குதுங்க, வேற வாங்கிக்கலாங்களா?” என்று கேட்டார். “இருங்க, பாத்துட்டுச் சொல்றனுங்க” என்றேன். அது சாகவில்லை என்று எனக்குத் தெரியும். முதல் தடவையும் அது சாகவில்லை.

மத்தியானமானால் கரண்ட் போகும் காலம் அது. அவருடைய யூனிட்டில் வைரஸ் ஏறி ஏறி டிசைனெல்லாம் அழிந்துகொண்டிருந்தது. நீதான் விண்டோஸை எடுத்துவிட்டு, வைரஸ் அவ்வளவாய் அண்டாத லினக்ஸ் போட்டுக் கொடுத்தாய். “எல்லாம் ஓடும் அண்ணாச்சி, நான் பொறுப்பு” என்று வாக்கும் கொடுத்துவிட்டாய். எல்லாம் ஓடியது, இந்தப் பெட்டியைத் தவிர. நெஞ்சில் கரடிக்குட்டி தைக்க வேண்டிய குழந்தைச் சட்டைகள் மூட்டை மூட்டையாய்க் காத்துக் கிடந்தன. “சாயங்காலத்துக்குள்ள ஓடலீன்னா பழையபடி மாத்தி உட்டுருங்க. அப்பறம் நீங்க இங்க வர வேண்டாமுங்க” என்று முதலாளி மரியாதை குறையாமல் சொன்னார். நம் கடைக்கு இருந்த பெரிய யூனிட் அது ஒன்றுதான்.

பெட்டிதான் பழுது என்று நான் வயரை மாற்றிப் பார்த்தேன், ஈயத்தால் பற்றவைத்துப் பார்த்தேன். மத்தியானம் போன கரண்ட் திரும்பி வந்ததும் இருவரும் திரைமுன் உட்கார்ந்தோம். யுஎஸ்பியில் செருகும் எந்தச் சாதனமும் தன்னைப் பற்றிக் கம்ப்யூட்டரிடம் சொல்ல வேண்டும். நான் யார், எனக்குள் என்னென்ன பகுதிகள் இருக்கின்றன என்று. இந்தப் பெட்டிக்குள் இரண்டு பகுதிகள். ஒன்று கட்டளைக்கு, இன்னொன்று டிசைன் போய்வர. இரண்டையும் சொன்னது. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்ற குறிப்பை மட்டும், செய்தவன் எழுதாமலே விட்டிருந்தான். அது இல்லாததால், பெட்டியோடு பேச வேண்டிய டிரைவர் என்ற மென்பொருள் கையை விரித்துவிட்டது.

“குறிப்பு கேக்கறதையே எடுத்துப்போட்டுட்டா என்னுங்க?” என்றேன்.

“வேண்டாம்ல. எல்லாத்துக்கும் கதவத் தொறந்து போட்டா கண்டதும் உள்ள வந்துரும். இந்த ஒண்ணுக்கு மட்டும் சொல்லி வைப்போம்.”

டிரைவருக்குள் விதிவிலக்குகளுக்கென்று ஓர் இடம் உண்டு. அங்கே பெட்டியின் அடையாள எண்ணைப் போட்டு, இது வந்தால் குறிப்புக் கேட்காதே, இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள் என்று ஒரு வரி எழுதினாய். “அதுக்குத் தன்னப் பத்திச் சொல்லத் தெரியல. அதுக்காவ ஆளே இல்லன்னு ஆயிருமால?” என்றாய். மெஷின் ஓடியது. முதல் கரடிக்குட்டிக்குக் கண் விழுந்ததும் நீ போய் முதலாளியைக் கட்டிப்பிடித்தாய். மனிதர் வெட்கத்தில் நெளிந்துபோனார்.

பிறகொரு காலை கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னிடம் கேட்டார். “நீங்க அவருக்கு என்ன வேணுமுங்க?”

“ஒண்ணாக் கடை வெச்சிருக்கறமுங்க.”

“சொந்தக்காரங்க வரட்டுங்க. அவங்களத்தான் உள்ள உடுவோம்.”

உன் சொந்தக்காரர்கள் தூத்துக்குடிப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். நான் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் நீ தனியாகவே போய்விட்டாய். நான் உனக்கு என்ன வேண்டும்? அந்தக் கேள்வியைப் பல தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். மரத்துப்போன காலைத் தொடுவது போலத்தான் இருக்கிறது.

உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மண் போடும் நேரம். “மொதல்ல சொந்தக்காரங்க மட்டும் வாங்க” என்றார் ஜெபம் சொன்ன உபதேசியார். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். உன் அம்மா திரும்பித் தேடினார். என்னை அதற்குமுன் பார்த்ததேயில்லை.

“திருப்பூர்ப் புள்ள நீதானய்யா? வா.”

என் கையைப் பிடித்து இழுத்து, அதில் மண்ணை அள்ளி வைத்தார். உபதேசியாரைப் பார்த்து, “இந்தப் புள்ளைய மட்டும் விடுங்கய்யா” என்றார். மண்ணைப் போட்டேன். அப்போதும் நான் அழவில்லை.

இன்று நீ எழுதிய வரியைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் புதியதில் சேர்த்தேன். பெட்டியைச் செருகினேன். பேசியது. முதலாளி வந்து வாங்கிக்கொண்டு போனார். மத்தியானம் தாண்டிவிட்டது. டிபன் கேரியர் திறக்காமலே கிடந்தது.

போன் அடித்தது. ஞாயிறுதோறும் கோயில் விட்டு வந்ததும் உன் அம்மா கூப்பிடுவார். உன்னைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

“சாப்ட்டியாய்யா?”

“ஆச்சுங்கம்மா.”

“இல்ல, நீ சாப்புடல. போய்ச் சாப்புடு. நான் வைக்கேன்.”

போனை வைத்துவிட்டார். அப்போதுதான் எனக்குப் பசித்தது.