மூடின கிணறுகள் பதினொன்று

ஸ்கந்தபுரம்
14.08.1964

அன்புள்ள மகள் ஜெகதீஸ்வரிக்கு,

குளம் வற்றினாலும் எங்கள் உடம்புக்கு ஒரு குறையுமில்லை. லண்டன் குளிரில் நீயும் அப்படியே இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். களி கண்டாயிற்று. நீ அனுப்பின புதிய வரைபடத்தில் நாற்பத்தாறு என்று இலக்கமிட்ட கட்டத்தில், பதினெட்டு அடியில், மாவு போல வெள்ளைக் களி, பீங்கான் செய்யத் தேடுகிற அதே களி. வென்றுவிட்டாய் பிள்ளை.

ஊர்க் கிணற்றுக் கணக்கிலிருந்து நீ போட்ட முதல் வரைபடத்தை வைத்துத் துளை போட்ட இரண்டு இடத்திலும் வெறும் மணலும் கிறவல் கல்லும் வந்தபோது, துளை இயந்திரத்தோடு வந்த எஞ்சினியர் தவராசா எல்லாருக்கும் முன்னால் சிரித்தார். லண்டனிலை இருந்து கூட்டிக் கழிச்சால் மண்ணுக்குள்ளை கிடக்கிறது தெரியுமோ, பெட்டை குறி சொல்லுற சாத்திரம் படிக்கப் போயிருக்கலாம் என்றார். மூன்றாவதும் பொய்த்தால் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், உன் முறையையும் குப்பையில் போட்டுவிடுவார்கள். அன்று இரவு விளக்கை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். ஊர்க் கிணறுகளின் ஆழமும் மண்ணும் கேட்டு எழுதியிருந்தாய், அறுபத்திரண்டு எழுதி அனுப்பினேன் அல்லவா, அந்தப் பட்டியலைத் திரும்ப வாசித்தேன். அப்போதுதான் உறைத்தது, அறுபத்திரண்டிலும் தண்ணீர் இருக்கிறது. வெள்ளைக் களி கண்ட கிணறு ஊறாது. ஊறாததை மூடி மேலே வாழை வைத்துவிட்டு வாயையும் மூடிவிடுவார்கள், தண்ணீரில்லாத வீட்டு வளவுக்கு எவன் பெண் கொடுப்பான், எவன் பெண் எடுப்பான் என்று. களி இருந்த கிணறுகள்தான் உன் கணக்குக்கு வராமலே போயின.

ஆண்களைக் கேட்டேன், அப்படி ஒன்றுமில்லை என்றார்கள். பெண்களைக் கேட்டேன். வெட்டின மண்ணைக் கடகப் பெட்டியில் சுமந்து கொட்டியது அவர்கள்தானே. என்ரை மனுசன், செத்தாலும் சொல்லாதை எண்டவர், நீ எழுதடி இலட்சுமி என்று இரஞ்சிதம் அக்கா இடத்தைக் காட்டினார். அப்படிப் பத்துக் கிணறு. பதினோராவது எங்கள் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால், உன் அக்காவுக்குக் கலியாணம் பேசின வருஷம் அப்பா மூடினது. நானும் அதை மறைத்தவள்தான், மற்றவர்களைத் திட்ட எனக்கு வாயில்லை. அவற்றையும் சேர்த்து ஒவ்வொரு கட்டத்திலும் களி கிடைக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று நீ திரும்பப் போட்டு அனுப்பினாய். நாற்பத்தாறுக்கு எழுபது. அங்கே ஒரு கிணறும் இல்லை, ஒருவரும் மண்வெட்டி வைக்காத பற்றைக் காடு. துளைக்கம்பி வெள்ளையாக மேலே வந்தபோது தவராசா தொப்பியைக் கழற்றிவிட்டார். முறை சரி எண்டு மகளுக்கு எழுதுங்கோ அம்மா என்றார். நீங்களே எழுதுங்கோ, கையெழுத்தும் வையுங்கோ என்றேன். அந்தக் கடிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன், உன் பேராசிரியரிடம் காட்டு.

இப்போது களியைத் தேடிக் கொழும்பிலிருந்து கார்கள் வருகின்றன. மலேரியாக் காய்ச்சலோடு நாங்கள் இந்தக் காட்டை வெட்டினபோது ஒரு காரும் வரவில்லை. களி வெட்டுகிற வேலை ஊராருக்குத்தான் என்று எழுதித் தந்தால் மட்டுமே எங்கள் காணிக்குள் கால் வைக்கலாம் என்று ஊர்ச் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். அப்பா பேசாமல் இரு என்றார். பேசாமல் இருந்துதானே பதினொரு கிணறு காணாமல் போனது என்றேன், கூட்டம் முழுக்கச் சிரித்தது.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதைக் கட்டிக்கொள். பிள்ளையார் உன்னைக் கைவிடார். ஒன்றை மறந்துவிடாதே. உன் ஆராய்ச்சியில் அந்தப் பட்டியலைப் போடும்போது எங்கள் கிணற்றுக்கு வெறும் இலக்கம் போடாதே. ஐயாத்துரை வளவு, ஊறாத கிணறு எண்டு என்ரை பேரோடை போடச் சொல்லு என்று அப்பா இப்போதுதான் வாசல் படலையடியில் நின்று கத்திச் சொல்கிறார். தெருவுக்கே கேட்டிருக்கும்.

உன் அம்மா
ஐ. இலட்சுமி